வாளியம்மாவின் இரண்டு இடது கால்கள்

லுப்னிட்சாவின் பழைய நகரில், சேணக்காரர் சந்து சதுக்கத்தோடு சேரும் முனையில், வெண்கலத்தில் ஒரு பெண் நிற்கிறாள். தலை நிறைய முடி சுருட்டும் உருளைகள். உடம்பில் பூப்போட்ட வீட்டு அங்கி. கையில் குப்பை வாளி. காலில் வீட்டுச் செருப்பு. பீடம் கிடையாது, தரைக்கல்லிலேயே நிற்கிறாள். ஏழாம் எண் வாசலை அவள் பார்க்கிற பார்வையைக் கண்டு, யாரோ காதலன் கைவிட்டுவிட்டான் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள். உள்ளூரில் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அது குப்பை கொட்ட வந்த இடத்தில் கதவு சாத்திக்கொண்டவளின் பார்வை. ஊர் அவளுக்கு வைத்த பெயர் வாளியம்மா.

அவளுடைய வலது செருப்பைத் தடவினால் வீட்டுச் சாவி ஒருபோதும் தொலையாது என்பார்கள். வம்பே அங்கேதான். அவளுக்கு வலது செருப்பு கிடையாது. இரண்டு காலிலும் இடது செருப்பு.

எங்கள் ஊரில் ஓர் ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாதவனை ‘இரண்டும் இடக்கை’ என்று சொல்வது வழக்கம். சிலையைச் செய்த எர்னெஸ்ட் பால்கோவுக்கு இரண்டும் இடக்கை, அவன் வார்த்தவளுக்கு இரண்டும் இடக்கால் என்று ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நகரசபையின் கலைக்குழு அதையே கொஞ்சம் படித்த மொழியில், ‘பாதப் பகுதியில் சிற்பியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பில் கட்டிவைத்தது. பால்கோ பதில் பேசவில்லை. மூன்று வருடம் கழித்து, அந்தப் பேச்சைச் சுமந்தபடியே செத்தும் போனான்.

அவன் ஏன் பதில் பேசவில்லை என்பது ஊரில் ஒரே ஒரு பெண்ணுக்குத் தெரியும். அவள் தினமும் காலை ஆறரைக்கு ஏழாம் எண் வீட்டிலிருந்து இறங்குவாள், சிலையருகே குனிவாள், செருப்பின் குதிகால் பக்கம் ஒரு தடவு தடவுவாள், ரயில் நிலையத்துக்கு நடப்பாள். பெயர் வில்மா ஹுட்கோவ்ஸ்கா. முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால் ஊருக்கே தெரியும். ஏனென்றால் நாற்பது வருடமாக, ‘பயணிகளின் கவனத்திற்கு’ என்று ரயில் நிலைய ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். அந்தக் குரலைக் கேட்டு லுப்னிட்சாவில் பால் வாங்கப் போனார்கள், மாத்திரை விழுங்கினார்கள், காதலர்கள் பிரிந்தார்கள். ஆறாம் எண் வீட்டின் நாய் ஏழு பத்து ரயிலின் அறிவிப்பு வந்த பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். நாய்க்கு வில்மாவின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நடந்தது 1984, நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. வில்மாவுக்கு இருபத்தேழு வயது. கணவன் கொர்னெல் ரயில்வே பட்டறையில் பூட்டு வேலைக்காரன். ஊரிலுள்ள எந்தப் பூட்டையும் ஒரு கம்பியால் திறந்துவிடுவான், ஆனால் ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விடுவான். ஆறு நாற்பதுக்குக் குப்பை வண்டி சந்துக்குள் மணியடித்தபடி நுழைந்தது. அந்த மணிக்கு நிற்காதவர்கள் அடுத்த செவ்வாய்வரை தம் குப்பையோடு குடித்தனம் நடத்த வேண்டும். வில்மா தலையில் உருளைகளோடு, இருட்டு நடையில் காலை நீட்டி, கிடைத்த செருப்பில் நுழைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மெத்தையை ஜன்னலில் காற்றாட விட்டிருந்தாள். திறந்த ஜன்னலுக்கும் திறந்த கதவுக்கும் நடுவே ஒரு காற்று புறப்பட்டது பாருங்கள், மாடியில் அறைந்த கதவின் சத்தத்தில் சதுக்கத்துத் தேவாலயக் கோபுரத்தின் புறாக்கள் கிளம்பிப் போய் வியாழக்கிழமைதான் திரும்பி வந்தன.

எங்கள் கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி, வெளிப்பக்கம் அசையாத குமிழ். சாத்தினால் சாத்தியதுதான். குமிழைப் பிடித்து அழலாம், திறக்க முடியாது.

எதிர்வீட்டு எட்டாம் எண், முதல் மாடி ஜன்னலில் மார்கீத்தா ஷெபோவா நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள்.

“வில்மாம்மா! எங்க கிளம்பிட்டீங்க? நாடகத்துக்கா?”

“கதவு சாத்திக்கிச்சு, மார்கீத்தாம்மா. உங்க வீட்லேருந்து பட்டறைக்கு ஒரு போன் போட முடியுமா?”

“அதுக்கென்ன, போடறேனே.” அவள் போட்டாள். பட்டறைக்கு அல்ல, பின்கட்டிலிருந்த அக்காவுக்கும், மூலைவீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவிக்கும். ஐந்து நிமிடத்தில் சந்தின் ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன.

வீட்டு அங்கியோடு தெருவில் நின்றது பெரிதில்லை. உருளைகளும் பெரிதில்லை. வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினாளே, அதுதான். எங்கள் ஊரில் அந்நியன் வந்தாலும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கூடையிலிருந்து விருந்தாளிச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போடுவோம். தெருவின் அழுக்கு வீட்டுக்கு வராது, வீட்டுச் செருப்பு தெருவுக்குப் போகாது. அந்தக் கோட்டைத் தாண்டிய பெண்ணுக்கு என்ன சொல்வது என்று சந்துக்குத் தெரியவில்லை. அதனால் சிரித்தது.

ஏழு பத்துக்கு ரயில். அறிவிப்புச் சொல்ல ஆள் இல்லை. கணவனிடம் சாவி. கணவன் இருப்பது ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பட்டறையில். வில்மா ஒரு நொடி யோசித்தாள், நடக்கத் தொடங்கினாள். வாளியோடுதான். வாளியைத் தெருவில் போட்டுவிட்டுப் போக அவள் என்ன காட்டுமிராண்டியா?

“வாளி எதுக்கு வில்மாம்மா? ரயிலுக்குத் தண்ணி ஊத்தவா?” என்று மார்கீத்தா கேட்டது சதுக்கம்வரை கேட்டது.

சந்து முனையில் ஒரே ஒரு ஆள் சிரிக்காமல் நின்றான். ஏழாம் எண் வீட்டின் பரணறையில் குடியிருந்த எர்னெஸ்ட் பால்கோ, கல்லறைக்கல் செதுக்குகிறவன். ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவன் அவள் காலைப் பார்த்தான். பிறகு தன் பூட்சைக் கழற்றத் தொடங்கினான்.

“போட்டுக்கோங்க வில்மாம்மா. எனக்கு ரெண்டு கம்பளிக் காலுறை இருக்கு.”

“நாப்பத்தாறு அளவு, எர்னெஸ்ட் ஐயா. அதுக்குள்ள நான் என் புருஷனையும் கூட்டிட்டுத்தான் நடக்கணும். நேரமாச்சு, விடுங்க!”

ஈரப் பனிச்சேற்றில் பதினெட்டு நிமிடம். ஏழு ஒன்பதுக்கு ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்தாள். ஏழு பத்து ரயில் முதல் நடைமேடைக்கு வந்துகொண்டிருப்பதை, ஓர் எழுத்துப் பிசகாமல், மூச்சு வாங்காமல் அறிவித்தாள். ஆறாம் எண் நாய் சாப்பிட்டது. உருளைகளோடும் அங்கியோடும் அவள் அன்று மதியம்வரை வேலை பார்த்தாள் என்பது கேட்ட யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, சேற்றில் ஊறிப் பிய்ந்த செருப்புகளைக் கழற்றியபோதுதான் கவனித்தாள்: ஒன்று அவளுடைய கட்டம்போட்ட, குஞ்சம் வைத்த செருப்பு. மற்றது கூடைக்கு வெளியே கிடந்த பழுப்பு நிற விருந்தாளிச் செருப்பு, வார்ப்பூட்டு வைத்தது. இரண்டும் இடது.

அவற்றைக் குப்பையில் போட்டாள். மிச்சமிருந்த இரண்டு வலது செருப்புகளைப் போடவில்லை. நல்ல செருப்பை யாராவது குப்பையில் போடுவார்களா? வரிசையில் நின்று கோதுமை மாவும் காலுறையும் வாங்கிய காலம். அட்டைப் பெட்டியில் வைத்து அலமாரிமேல் ஏற்றினாள்.

அதோடு முடிந்திருந்தால் சரி. சந்து முடிக்கவில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தத் துக்க வீட்டிலும், “வாளி கொண்டு வந்தீங்களா வில்மாம்மா?” என்று மார்கீத்தா கேட்காமல் இருந்ததில்லை. எவ்வளவு நாள்? வருடக்கணக்காக. கேட்பது எப்போதும் மரியாதையோடுதான். எங்கள் ஊரில் ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு வர, வயதில் மூத்தவர் ஒரு கோப்பையோடு வந்து அழைக்க வேண்டும். இருவரும் கை கோத்துக் குடித்து, பெயர் சொல்லிக் கன்னத்தில் முத்தமிட்ட பிறகுதான் ‘நீ’. மார்கீத்தா பதினான்கு மாதம் மூத்தவள். அழைக்கவில்லை. ஆகவே வில்மா சந்துக்குக் குடிவந்ததிலிருந்து இருவரும் முப்பத்தேழு வருடம் ‘நீங்க, உங்க’ என்றே ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

2007-ல் பழைய நகருக்கு ஒரு வேடிக்கைச் சிலை வேண்டும் என்று நகரசபை தீர்மானித்தது. பால்கோ தலை நரைத்துப் போய், வில்மாவின் வாசலில் வந்து நின்றான். சப்பாத்தைக் கழற்றி, விருந்தாளிச் செருப்பு மாட்டிக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்தான்.

“வில்மாம்மா, அன்னிக்கு நீங்க நடந்து போனீங்கல்ல. ஊர் ஒரு கூத்தைப் பாத்துச்சு. நான் ஒரு ராணுவத்தைப் பாத்தேன். உங்கள வெண்கலத்துல வார்க்கலாமா?”

வில்மாவுக்குக் காது சிவந்தது. “என் பேரைச் சொல்லாம இருந்தா வார்த்துக்கோங்க. சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினான். சிலை திறந்த அன்று சந்து முழுக்க வில்மாவைத் திரும்பிப் பார்த்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் நேராக வந்து கேட்டான். “நானா? நான் இல்ல. யாருன்னே தெரியாது,” என்றாள். அது அச்சிலும் வந்தது. அன்று பால்கோ குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். மறுநாளிலிருந்துதான் அவள் தினமும் காலையில் அந்தக் குதிகாலைத் தடவத் தொடங்கினாள்.

அவள் விட்ட இடம் காலியாகக் கிடந்தது. மார்கீத்தாவுக்குக் காலியிடம் பிடிக்காது. முதலில் ஜன்னலுக்குக் கீழே நின்ற சுற்றுலாக்காரர்களிடம் கண் சிமிட்டினாள். பிறகு, “ஏன் கேக்கறீங்க, அந்தக் காலத்துல எனக்கு இடுப்பு இப்படித்தான் இருக்கும்,” என்றாள். பிறகு கதவு சாத்திக்கொண்டது அவள் வீட்டுக் கதவாயிற்று. பன்னிரண்டு வருடத்தில் நாட்காட்டியில் வாளியம்மா, இஞ்சி ரொட்டியில் வாளியம்மாவின் செருப்பு, வழிகாட்டிகளின் வாயில் மார்கீத்தாவின் பெயர். 2019 கோடைத் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு நகரசபை ஓர் அறிவிப்பு ஒட்டியது: சிலையின் காலடியில் பித்தளைத் தகடு பதிக்கப்படும், அதில் ‘இந்தச் சிலைக்கு உயிர் தந்தவர்’ என்று மார்கீத்தா ஷெபோவாவின் பெயர் பொறிக்கப்படும்.

வில்மா அதை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கொர்னெல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

“சிரிச்சதை நான் வாங்கினேன்,” என்றாள். “இருபத்து மூணு வருஷம் முழுசா வாங்கினேன். இப்போ கைதட்டல அவ வாங்கப் போறா.”

“நீதானே நான் இல்லன்னு சொன்ன?”

“சொன்னேன். வெக்கமா இருந்துச்சு.”

“இப்ப?”

வில்மா அலமாரியருகே நாற்காலி போட்டு ஏறினாள்.

“எதுக்கு ஏர்ற? விழுந்து வைக்காத!”

“எர்னெஸ்டுக்கு ரெண்டும் இடக்கைன்னு எழுதி வச்சிருக்காங்க, கொர்னெல். எனக்குக் குடுத்த ஒரு சத்தியத்துக்காக அந்த மனுஷன் அதைத் தின்னுட்டுச் செத்தான். என் பேரு வரலைன்னாலும் போகட்டும். அது அழியணும்.” அலமாரிமேலிருந்து இறங்கிய அட்டைப் பெட்டியின் மீது முப்பத்தைந்து வருடத் தூசி. ஊதினாள். கொர்னெல் பதினோரு தடவை தும்மினான்.

திருவிழா நாள், காலை பதினோரு மணி. சதுக்கத்தில் வறுத்த பன்றிக் கொத்துக்கறியும் பொரித்த மாவடையும் மணக்கின்றன. சிலையைச் சுற்றிச் சிவப்பு நாடா. மேயரம்மா பட்டைச் சங்கிலி அணிந்து ஒலிவாங்கியோடு நிற்கிறார். பக்கத்தில் மார்கீத்தா. என்ன கோலம் என்கிறீர்கள்! அதே மாதிரி பூப்போட்ட அங்கி, தலையில் உருளைகள், கையில் புதுப் பளபளக்கும் வாளி, காலில் புத்தம்புதிய வீட்டுச் செருப்பு. அழகான ஜோடி. ஒரு வலது, ஒரு இடது.

“…நம் அனைவரின் அன்புக்குரிய வாளியம்மா!” என்று மேயரம்மா முடித்தார். கைதட்டல் கிளம்பியது.

வில்மா நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். கையில் அட்டைப் பெட்டி.

“வில்மாம்மா!” மார்கீத்தாவின் சிரிப்பு ஒரு பல் குறைந்தது. “வாழ்த்துச் சொல்ல வந்தீங்களா? கேக்கா அது?”

“கேக் இல்ல மார்கீத்தாம்மா. ஒரு சந்தேகம். உங்க கால்ல வலதும் இடதும் இருக்கே. சிலை கால்ல ஏன் ரெண்டும் இடது?”

கூட்டம் சிரித்தது. மார்கீத்தா தோளைக் குலுக்கினாள். “அதுதான் ஊருக்கே தெரியுமே! செஞ்ச மகராசனுக்கு ரெண்டும் இடக்கை.”

“கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது,” என்றார் கலைக்குழுவின் ஒல்லி மனிதர், யாரும் கேட்காமலே.

வில்மா அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு வெண்கலத்தின் காலடியில் மண்டியிட்டாள். பெட்டியைத் திறந்தாள். கட்டம்போட்ட ஒரு வலது செருப்பை எடுத்து, வெண்கலத்தின் ஒரு காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெண்கலத்தில் ஒரு குஞ்சம், துணியில் அதே குஞ்சம். பழுப்பு நிற வலது செருப்பை எடுத்து மற்றக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெண்கலத்தில் ஒரு வார்ப்பூட்டு, தோலில் அதே வார்ப்பூட்டு. விருந்தாளிச் செருப்பு ஒரு விரல் பெரிது, வெண்கலத்திலும் ஒரு விரல் பெரிது.

எட்டிப் பார்த்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். சொன்னது அலையாகச் சதுக்கத்தின் கடைசிவரை போய், மாவடைக் கடையில் முட்டித் திரும்பியது. ஒல்லி மனிதர் மண்டியிட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“இருட்டுல அவசரமா மாட்டினேன்,” என்றாள் வில்மா. “ரெண்டு இடதும் வெளிய வந்துச்சு. ரெண்டு வலதும் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. எர்னெஸ்ட் ஐயா ஒருத்தர்தான் அன்னிக்கு என் காலைப் பாத்தாரு. பாத்ததைச் செஞ்சாரு. நீங்க எல்லாரும் பன்னண்டு வருஷமா அதைத் தப்புன்னீங்க.”

“ரெண்டு வலது செருப்பு யார் வேணும்னாலும் வாங்கலாமே!” மார்கீத்தாவின் குரல் ஏறியது.

“எந்தக் கடையில மார்கீத்தாம்மா? வலது மட்டும் விக்கற கடை இருந்தா சொல்லுங்க, நானும் வரேன்.”

“ஒத்தைக்காலனுங்க கடையில!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். சதுக்கம் வெடித்தது.

மேயரம்மா கையைத் தூக்கினார். அவர் நல்ல மனுஷி, ஆனால் காகிதத்தை நம்புகிறவர். “ஹுட்கோவ்ஸ்கா அம்மா, திறந்த அன்னிக்கு நீங்களே இல்லன்னு சொல்லியிருக்கீங்க. பத்திரிகையில இருக்கு. இப்ப ஆமான்னா…”

“ஒரு நிமிஷம் அதைக் குடுங்க,” என்று வில்மா கையை நீட்டினாள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. நாற்பது வருடப் பழக்கம்.

“பயணிகளின் கவனத்திற்கு,” என்றாள்.

சதுக்கம் அப்படியே நின்றது. சட்டியில் திருப்பிக்கொண்டிருந்த மாவடை அந்தரத்தில் நின்றது என்பார்கள். நான் மறுக்கமாட்டேன். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த ஆண்கள் தம்மையறியாமல் கைப்பெட்டியைத் தேடினார்கள். ஆறாம் எண் வீட்டில் இப்போதிருக்கும் நாய், பழைய நாயின் பேரன், சாப்பிட வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு முறை குரைத்தது.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது மணிக்குச் சேணக்காரர் சந்து ஏழாம் எண்ணிலிருந்து, ஒரு வாளி மற்றும் இரண்டு இடது செருப்புகளுடன் புறப்பட்ட வில்மா ஹுட்கோவ்ஸ்கா, முப்பத்து நான்கு வருடம் ஒன்பது மாதத் தாமதத்திற்குப் பிறகு, இப்போது சதுக்கத்தின் முதல் நடைமேடைக்கு வந்து சேர்கிறார். நடைமேடையின் ஓரத்திலிருந்து விலகி நிற்கவும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “தாமதத்திற்கு வருந்துகிறோம் என்று சொல்வது வழக்கம். அது என் சொந்தத் தாமதம். வருந்தினேன். இனி வருந்தமாட்டேன்.”

முதலில் கைதட்டியது கொர்னெல். அவனுக்குப் பிறகு யார் முதலில் என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஊரே தட்டியது. கோபுரத்துப் புறாக்கள் மறுபடி கிளம்பின. இந்தத் தடவை திங்கட்கிழமைவரை வரவில்லை. நடைமேடையின் ஓரத்தில் நின்றவர்கள் உண்மையிலேயே விலகி வழி விட்டார்கள், அந்த வழியாக வில்மா வெண்கலத்தின் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் ஒரே உயரம். வெண்கலத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

மேயரம்மா தகட்டைத் துணியால் மூடினார். “தப்பு எங்களோடது. புதுத் தகடு அடிப்போம். என்ன எழுதணும், நீங்களே சொல்லுங்க.”

பெயர் எல்லாம் எதற்கு என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பீர்கள். மேயரம்மாவும் அப்படித்தான் எதிர்பார்த்தார்.

“என் பேரைப் பெரிய எழுத்துல போடுங்க,” என்றாள் வில்மா. “இன்னும் பெரிசா முடியும்னா இன்னும் பெரிசா. அதுக்குக் கீழ, ‘எர்னெஸ்ட் பால்கோவின் இரண்டு கையும் சரியாக இருந்தன’ன்னு போடுங்க.”

ஒல்லி மனிதர் தன் பேனாவை எடுத்து, அங்கேயே, கூட்டத்தின் முன்னாலேயே அதை எழுதிக்கொண்டார்.

மார்கீத்தா எப்போது கிளம்பினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. வாளி மட்டும் நாடாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு வில்மா வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கொர்னெல் நண்பர்களோடு பீர் குடிக்க இன்னும் சதுக்கத்திலேயே இருந்தான். வில்மா கதவைத் திறந்தாள். மார்கீத்தா. உருளைகளைக் கழற்றியிருந்தாள், அந்தப் புதுச் செருப்பைக் கழற்ற மறந்திருந்தாள். கையில் ஒரு புட்டி பிளம் சாராயம், அங்கிப் பையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன.

“அன்னிக்குப் பட்டறைக்கு நான் போன் போடல,” என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

“தெரியும்.”

“சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் நீங்க திரும்பிப் பாக்காம நடந்தீங்க பாருங்க, அந்த வாளியோட… நான் அந்த இடத்துல இருந்திருந்தா படியில உக்காந்து அழுதிருப்பேன். சொல்லிச் சொல்லி, நடந்தது நான்தான்னு எனக்கே ஆயிடுச்சு.” புட்டியை நீட்டினாள். “நான்தான் மூத்தவ. நான்தான் கேக்கணும். முப்பத்தேழு வருஷம் கேக்கல.”

வில்மா புட்டியைப் பார்த்தாள். உடனே வாங்கிவிட்டால் எப்படி? “யோசிச்சுச் சொல்லட்டுமா?”

“எத்தனை நாள்?”

“முப்பத்து நாலு வருஷம், ஒம்பது மாசம்.”

மார்கீத்தாவின் முகம் கோணியதைப் பார்த்ததும் வில்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. “ஐயோ, குடுங்க இப்படி!” என்று புட்டியை வாங்க வாசலுக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்தாள்.

பின்னால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கதவு அறைந்த சத்தத்தில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு குமிழைப் பார்த்தார்கள். பிறகு கீழே பார்த்தார்கள். வில்மாவின் காலில் வெற்றி வீராப்பில் மாட்டிக்கொண்ட அந்த இரண்டு வலது செருப்புகள்.

“சாவி?” என்றாள் மார்கீத்தா, கிசுகிசுப்பாக.

“வாங்க,” என்றாள் வில்மா.

இரண்டு பெண்கள் வீட்டுச் செருப்போடு, ஒரு சாராயப் புட்டியோடு, பட்டப்பகலில் சந்தில் இறங்கினார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இந்தத் தடவை வில்மா அண்ணாந்து பார்த்துக் கையாட்டினாள். வெண்கலத்தைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க் கூட்டம் விலகியது. அவள் குனிந்தாள். தினமும் காலையில் தடவும் அதே குதிகால். வார்ப்பூட்டு வைத்த செருப்பின் குதிகாலுக்கும் தரைக்கல்லுக்கும் நடுவே ஒரு சிறு குழிவு, விரல் நுழைகிற அளவு. வெளியே இழுத்த விரலோடு வந்தது, நூலில் கட்டிய ஒரு வீட்டுச் சாவி.

மார்கீத்தா நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “இது… எப்பலேருந்து?”

“சிலை திறந்த நாள்லேருந்து. நகல் சாவி கொர்னெல் செஞ்சு குடுத்தது. ‘இனிமே உங்களுக்குக் கதவு சாத்திக்காது வில்மாம்மா, குதிகாலுக்கு அடியில பாருங்க’ன்னு எர்னெஸ்ட் ஐயா காதுல சொன்னாரு. தினமும் இருக்கான்னு தடவிப் பாப்பேன்.”

“நான் பன்னண்டு வருஷமா அந்த ஜன்னல்ல நிக்கறேன்! ஒரு தடவகூடப் பாக்கலையே!”

“நீங்க எப்பவும் என் மூஞ்சியத்தானே பாத்தீங்க.”

அங்கேயே, வெண்கல வாளியின் விளிம்பில் கோப்பைகளை வைத்து ஊற்றினார்கள். கை கோத்தார்கள். “மார்கீத்தா,” என்றாள் ஒருத்தி. “வில்மா,” என்றாள் மற்றவள். சாராயம் நெஞ்சை எரித்துக்கொண்டு இறங்கியது. கன்னத்தில் முத்தம். வெளியூர்க்காரர்கள் இதுவும் திருவிழா நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மார்கீத்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். முப்பத்தேழு வருடமாகச் சொல்லாத சொல் நாக்கில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

“சாவிய மறுபடி அங்கயே வைக்காத, வில்மா. இப்ப எனக்குத் தெரியும்.”

“வைக்கத்தான் போறேன்,” என்றாள் வில்மா. “உன் வீட்டுச் சாவியையும் கொண்டா. குஞ்சம் வச்ச கால் சும்மாத்தான் இருக்கு.”